கோபுரத்தைத் தாண்டி: மதுரையில் படம் எடுக்க அதிகம் பேர் போகாத இடங்கள் – முழுமையான வழிகாட்டி

இன்ஸ்டாவில் மதுரை என்று தேடிப் பாருங்கள். மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம், திருமலை நாயக்கர் மகால் தூண், தெப்பக்குளத்து மைய மண்டபம், ஜிகர்தண்டா டம்ளர் என்று இந்த நான்கும்தான் மாறி மாறி வரும். நானும் இவற்றையெல்லாம் எடுத்திருக்கிறேன், இன்னமும் எடுக்கிறேன். ஆனால் பெரியார் நிலையத்திலிருந்து பஸ்ஸிலோ பைக்கிலோ ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் ஆயிரம் ஆண்டு பழைய சிற்பங்களும், தாமரைக் குளமும், வெற்றிலைக் கொடிக்காலும் இருக்கின்றன. நகருக்குள்ளேயே துணிக்கடைகளுக்கு நடுவே ஓர் அரண்மனையின் மிச்சம் நிற்கிறது. இங்கெல்லாம் கேமராவோடு வருகிறவர்கள் குறைவு.

பல வருடம் சுற்றியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: மதுரையில் நல்ல இடத்துக்குப் பஞ்சமில்லை. அந்த இடத்தில் வெளிச்சம் எப்போது, எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று தெரியாமல் போவதால்தான் படம் சப்பென்று வருகிறது. அதனால் இடங்களுக்கு முன்பு நேரத்தைப் பற்றிப் பேசிவிடலாம்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

மதுரையில் வைகாசி மாதம் காலை ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் வந்துவிடும். தை மாதக் கடைசியில் 6.35 ஆகிவிடும். மறைவதும் அப்படித்தான். ஆனியில் 6.40 வரை வெளிச்சம் இருக்கும், கார்த்திகை தொடக்கத்தில் ஆறு மணிக்கு முன்பே போய்விடும். உதித்த பிறகு ஒன்றரை மணி நேரம், மறைவதற்கு முன் ஒன்றேகால் மணி நேரம், இவ்வளவுதான் நமக்குக் கிடைப்பது. ஒன்பது மணிக்கு மேல் மதுரை வெயில் முகத்தில் கண்ணுக்குக் கீழேயும் மூக்குக்குக் கீழேயும் கறுப்புக் குழி விழ வைத்துவிடும். எந்த ஃபில்டராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஒரு தகவல் சொல்கிறேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை பிறந்து ஓரிரு நாளில் மதுரையில் நிழலில்லா நாள் வரும். நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், செங்குத்தாக நிற்கும் தூணுக்கு நிழலே விழாது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு முறை அப்படி நடக்கும். இந்த இரண்டையும் ஒட்டிய வாரங்களில் மதிய நேரத்தை அடியோடு மறந்துவிடுங்கள். அதே சமயம், நிழலே இல்லாத ஒரு படம்தான் வேண்டும் என்றால் ஆண்டில் இரண்டே நாள் கிடைக்கும். 12.20க்குக் கொஞ்சம் முன்னே பின்னே தயாராக நில்லுங்கள்.

எந்த மாதம் போவது? குளம், கண்மாய், வயல் இவையெல்லாம் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகுதான் உயிரோடு இருக்கும். கார்த்திகை முதல் மாசி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் விடியற்காலைப் பனியும் சேர்ந்துகொள்ளும். பங்குனிக்கு மேல் கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். அதுவும் ஒரு படம்தான், ஆனால் தாமரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கைபேசியை எப்படித் தயார் செய்வது

பெரிய கேமரா இல்லையே என்று யோசிக்க வேண்டாம். கைபேசி போதும். கிளம்பும் முன் லென்ஸை ஒரு பருத்தித் துணியால் துடையுங்கள். சட்டைப் பையில் கிடக்கும் போனின் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்காது. காலைச் சூரியனுக்கு எதிரே பிடிக்கும்போது அதுதான் படம் முழுக்க வெளுத்துத் தெரிவதற்குக் காரணம். கேமரா அமைப்பில் கிரிட் கோடுகளைப் போட்டுவிடுங்கள். தூண், வாசல், படிக்கட்டு என்று நேர்கோடுகள் நிறைந்த ஊர் இது, கொஞ்சம் சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும்.

அடுத்து எக்ஸ்போஷர். பிரகாசமான பகுதியில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். வானம் வெளிறாமல் நிற்கும். இருட்டில் உள்ளதைப் பிறகு எடிட்டில் மீட்கலாம், வெளுத்துப் போனது போனதுதான்.

ஆளை எடுக்கும்போது நேரே பக்கத்தில் போய் நிற்காமல் நாலைந்து அடி பின்னால் வந்து இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். முகம் விரியாது, பின்னால் உள்ள மலையும் பெரிதாகத் தெரியும். பதிவுக்கு 4:5, ரீல்ஸுக்கு 9:16. எதற்கு எடுக்கிறோம் என்று முன்பே முடிவு செய்து, மேலும் கீழும் இடம் விட்டு எடுங்கள்.

உடை விஷயத்திலும் ஒரு சொல். இந்தப் பக்கத்துப் பாறையெல்லாம் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். கறுப்பும் பழுப்பும் அதில் அமுங்கிப் போகும். மஞ்சள், அரக்கு, மயில் நீலம் எடுப்பாக நிற்கும். வீட்டில் சுங்குடிச் சேலை இருந்தால் அதைவிடப் பொருத்தம் வேறில்லை. நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொரு புள்ளியையும் கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய துணி அது, 2005இல் புவிசார் குறியீடு வாங்கியது. கிட்டே வைத்து எடுத்தால் அந்தப் புள்ளிகளே ஒரு படம்.

நகருக்குள்: பத்துத்தூண் சந்தும் ராய கோபுரமும்

விளக்குத்தூணிலிருந்து தொடங்குங்கள். மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குக் கம்பம் அது. சுற்றிலும் ஜவுளிக் கடைகள். அங்கே யாரைக் கேட்டாலும் பத்துத்தூண் சந்துக்கு வழி சொல்வார்கள். உள்ளே போனால் ரெடிமேட் பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே பெரிய கல் தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். நாயக்கர் அரண்மனை இப்போது நாம் பார்க்கும் மகாலோடு முடிந்துவிடவில்லை, அதைவிட எவ்வளவோ பெரியது என்பதற்கு மிஞ்சிய சாட்சி இந்தப் பத்துத் தூண்கள்தான். தூண்கள் தாங்க மேலே கூரை இல்லை. மின்கம்பியும் விளம்பரப் பலகையும் மட்டும் குறுக்கே ஓடும்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போங்கள். கடைகள் திறந்திருக்காது. சந்து குறுகல் என்பதால் வெயில் நேரே கீழே இறங்காது, எதிர்ச்சுவரில் பட்டு மென்மையாகத் திரும்பும். முகத்துக்கு அந்த வெளிச்சம் அவ்வளவு அழகு. தூணின் முழு உயரம் வேண்டும் என்றால் போனைத் தரைக்கு அருகே தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் கீழே வந்துவிடும். ஆளைத் தூணிலிருந்து இரண்டடி முன்னால் நிறுத்தினால் அளவு புரியும். ஒட்டி நிற்க வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் இந்தப் பக்கமே வராதீர்கள், அது வியாபாரிகளின் நேரம்.

அங்கிருந்து நடந்தே, மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துக்குக் கிழக்கே வாருங்கள். ராய கோபுரம் என்ற பெயரைக் கேட்டு அண்ணாந்து பார்த்தால் கோபுரம் இருக்காது. திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்ட கோபுரத்தின் கல் அடித்தளம் மட்டும்தான் இருக்கிறது. அந்த வாசலின் இரண்டு நிலைக்கால்களும் தனித்தனியே ஒரே கல்லால் ஆனவை. கொடியும் பூவுமாக அவற்றில் ஓடும் வேலைப்பாட்டைக் கிட்டே நின்று பாருங்கள், உளி அவ்வளவு மெல்ல நடந்திருக்கிறது. கீழே பாத்திரக் கடைகள், பித்தளைக் குடங்கள், எவர்சில்வர் அடுக்குகள். பதினேழாம் நூற்றாண்டுக் கல்லும் இன்றைய குடமும் ஒரே சட்டகத்தில் வருகிற இடம் இது. குடத்தின் வளைவில் எதிரே உள்ள தெருவே தெரியும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு குடத்துக்கு ஓர் அடி தூரத்தில் போனை வைத்து எடுத்துப் பாருங்கள்.

கோபுரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. சித்திரை வீதியில் நின்று எடுப்பதை விட்டுவிட்டு ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் இடையே உள்ள சந்துகளில் நடந்து போங்கள். சில சந்துகளின் முடிவில் கோபுரம் சட்டென்று நெடுக எழுந்து நிற்கும். இரண்டு பக்கமும் பழைய திண்ணை வீடுகள், நடுவே ஒரு சைக்கிள், பின்னால் கோபுரம். கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி கிடையாது, வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே போகிற அன்று படத்தை மறந்து சாமி கும்பிட்டு வாருங்கள்.

விடியலில் பூமார்க்கெட்

மாட்டுத்தாவணி பூமார்க்கெட் உள்ளூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதைப் படம் எடுக்கும் இடமாக யோசிப்பவர்கள் குறைவு. மல்லிகை மொட்டாக இருக்கும்போதே பறித்து வந்து சேர்க்க வேண்டிய பூ. அதனால் ஊர் தூங்கும் நேரத்திலேயே மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே நின்றால் ஏன் என்று மூக்குக்கே தெரியும்.

விடிந்ததும் பக்கவாட்டில் வெளிச்சம் நுழையும். கொட்டி வைத்த மொட்டுக் குவியல் பச்சை கலந்த வெள்ளை, பக்கத்தில் செவ்வந்தி மஞ்சள், கோழிக்கொண்டைச் சிவப்பு. போனில் வெள்ளைப் பூ எப்போதும் வெளுத்துத்தான் விழும், அதனால் பூவின் மீது விரலை வைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். மொட்டின் காம்பு பச்சையாகத் தெரிகிற அளவுக்குக் குறைத்தால் சரி.

முகத்தைவிடக் கைகளைப் படம் எடுங்கள். நார் பிரித்து, இரண்டு மொட்டு அந்தப் பக்கம், இரண்டு மொட்டு இந்தப் பக்கம் வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடும் விரல்கள். கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு முழம் ஆகிவிடும். ஒருமுறை அப்படிக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், “அக்கா, கையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கிறட்டுமா?” என்று கேட்டேன். “கைய மட்டும் எடுத்து என்ன செய்யப் போற தம்பி? மூஞ்சியவும் சேர்த்து எடு, எனக்கும் ஒண்ணு குடு” என்றார். அந்தப் படம்தான் அந்த வருடம் நான் எடுத்ததில் சிறந்தது.

வியாபாரம் உச்சத்தில் இருக்கும்போது வழியில் நிற்காதீர்கள். தலையில் மூட்டையோடு வருகிறவருக்கு நாம் நிற்பது தெரியாது. முகூர்த்த நாளுக்கு முந்தைய நாட்களில் கூட்டம் நெரியும். மார்கழி, தை குளிரில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். அப்போது குவியலை எதிர்பார்த்துப் போக வேண்டாம். பங்குனி, சித்திரையில் போங்கள்.

கீழக்குயில்குடி: ஒரு முழுக் காலையை இதற்கு ஒதுக்குங்கள்

எனக்கு மதுரையில் ஒரே ஓர் இடம்தான் கிடைக்கும் என்றால் இதைத்தான் கேட்பேன். தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை வந்து இடப்பக்கம் திரும்பினால் சமணர்மலை. மலையடிவாரத்தில் தாமரைக் குளம், கரையில் பெரிய ஆலமரம், அய்யனார் கோயில், குதிரைகள். மலைமேல் சமண முனிவர்கள் வாழ்ந்த தடங்கள். இவ்வளவும் நடந்து போகிற தூரத்துக்குள்.

தாமரை காலையில் மலர்ந்து பகலேற ஏறக் குவிந்துவிடும். ஆகவே குளம் முதலில். முடிந்தால் ஏழு மணிக்குள் கரையில் இருங்கள். நின்றபடி எடுத்தால் இலைகள்தான் தெரியும், பூ தெரியாது. படியில் இறங்கி உட்கார்ந்து, போனைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். முன்னால் ஒரு பூ, நடுவில் இலைப்பரப்பு, பின்னால் மலைப்பாறை என்று மூன்று அடுக்காக விழும். தண்ணீரில் இறங்கிப் பூப் பறித்துக் கையில் வைத்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். தாமரைக் கொடி காலைச் சுற்றினால் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார், வேண்டாம்.

குளத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் செட்டிப்புடவு. இயற்கையான ஒரு குகை. வாசலுக்கு வெளியே பாறையில் பெரிய மகாவீரர் அமர்ந்திருக்கிறார். உள்ளே வளைந்த கூரையில் ஐந்து சிற்பங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றில் சிங்கத்தின் மேல் ஏறிய இயக்கி என்ற சமணப் பெண் தெய்வம் யானையோடு சண்டை போடுகிறாள். உள்ளூர்க்காரர்கள் வாசலில் உள்ள பெரிய மகாவீரரைக் குண்டலம் போட்ட செட்டியார் என்று நினைத்து வைத்த பெயர்தான் செட்டிப்புடவு என்கிறார்கள்.

குகைக்குள் ஃப்ளாஷ் போடாதீர்கள். நேர் எதிரிலிருந்து வரும் ஃப்ளாஷ் சிற்பத்தின் மேடு பள்ளத்தை அழித்துத் தட்டையாக்கிவிடும். நான் செய்வது இதுதான்: ஒரு வெள்ளைத் துண்டை நண்பரிடம் கொடுத்து வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடிக்கச் சொல்வேன். துண்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சாய்வாகச் சிற்பத்தின் மீது விழும். நைட் மோடில் போனை முழங்காலில் ஊன்றி மூச்சை அடக்கி எடுப்பேன். சிங்கத்தின் பிடரி, இயக்கியின் வில், எல்லாம் எழுந்து வரும். துண்டை ஓரடி இடமோ வலமோ நகர்த்தினாலே சிற்பத்தின் முகபாவம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அடுத்து பேச்சிப்பள்ளம். அய்யனார் கோயில் பக்கத்திலிருந்து பாறையில் வெட்டிய படிகள், கம்பிப் பிடியோடு. ஏறினால் ஒரு சுனை, அதன் மேலே பாறைச் சுவரில் எட்டுச் சிற்பங்கள் ஒரே வரிசையில். பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர். கீழே ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்துகள். யார் செய்வித்த சிற்பம் என்ற விவரம் அதில் இருக்கிறது. எழுத்து படத்தில் விழ வேண்டும் என்றால் வெயில் பாறையை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும் நேரம் வரை காத்திருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பக்கம் நிழல் விழும், அப்போதுதான் படிக்க முடியும். எழுத்துத் தெரிவதற்காக அதில் சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, தண்ணீர் ஊற்றுவது கூடவே கூடாது. அந்தப் பாறை தாங்கினாலும் எழுத்து தாங்காது.

இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் அடித்தளம், அதற்கும் மேலே விளக்குத் தூணும் கன்னடக் கல்வெட்டும். உச்சியிலிருந்து நாலாபக்கமும் கண்மாய்களும் தோப்புகளும் விரிந்து கிடக்கும். மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள், பாசி பிடித்த பாறை வழுக்கும். பாறை இடுக்கில் மலைத்தேன் கூடு தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அந்தப் பக்கம் சத்தமும் வேண்டாம், சென்ட் வாசனையும் வேண்டாம்.

அய்யனார் கோயில் பக்கம் வரும்போது செருப்பைக் கழற்றிவிடுங்கள். சாமி குதிரைகளைப் படம் எடுக்கும் முன் பூசாரியையோ மரத்தடியில் இருக்கும் பெரியவர்களையோ கேளுங்கள். “எந்த ஊரு தம்பி?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். பதில் சொல்லி, இரண்டு நிமிடம் பேசினால் எந்தப் பக்கம் நின்றால் மலை நன்றாகத் தெரியும் என்று அவர்களே சொல்வார்கள். எனக்கு அப்படித்தான் பாதி இடங்கள் தெரிய வந்தன.

ஆனைமலையும் அரிட்டாபட்டியும்

மேலூர் சாலையில் ஒத்தக்கடை தாண்டுவதற்குள் படுத்திருக்கும் யானை போல ஆனைமலை வந்துவிடும். இது நகருக்கு வடகிழக்கே இருக்கிறது. அதனால் ஊர்ப் பக்கமிருந்து பார்த்தால் காலையில் சூரியன் அந்தத் திசையில் எழும், மலை கறுத்த வடிவமாக நிற்கும். மாலையில் சூரியன் நம் முதுகுப் பக்கம் போய்விடும், பாறை முழுக்கப் பொன்னாக மாறும். இரண்டும் நல்ல படம்தான். எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். ஆளை வைத்து எடுக்க மாலைதான் சரி.

அடிவாரத்தில் நரசிங்கம். யோக நரசிங்கப் பெருமாள் குடைவரையை கி.பி. 770இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி செய்வித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பக்கத்தில் லாடன் கோயில் என்ற முருகன் குடைவரை. கோயில் உள்ளே படம் எடுக்காதீர்கள். வெளியே குளம், மலை, வயல் போதும்.

அங்கிருந்து மேலூர்ப் பக்கம் இன்னும் போனால் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன, லகர் வல்லூறும் ராஜாளியும் அதில் உண்டு. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊரே எழுந்து நின்றதும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மக்கள் காப்பாற்றி வைத்த இடத்துக்குப் போகிறோம் என்ற நினைப்போடு போங்கள்.

ஆனைகொண்டான் ஏரியில் காலை நேரம் காற்று எழுவதற்கு முன் மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாக விழும். காற்று கிளம்பிவிட்டால் பிம்பம் கலைந்துவிடும், எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சட்டகத்தைச் சரிபாதியாக, தண்ணீர்க் கோடு நட்ட நடுவே வரும்படி எடுங்கள். வேறு இடங்களில் நடுக்கோடு கூடாது என்பார்கள், பிம்பத்துக்கு அதுதான் அழகு. குடைவரைக் கோயிலில் சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசரின், தமிழ்நாட்டில் அரிதாகக் கிடைக்கும் சிற்பம் இருக்கிறது. கழிஞ்சமலையில் மகாவீரர் சிற்பத்தின் மேல் பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃப்ளாஷும் தொடுவதும் இங்கே அறவே கூடாது. கழுகுகள் பாறையில் கூடு கட்டியிருக்கும்போது பாட்டுப் போட்டு ரீல்ஸ் எடுப்பதும் வேண்டாம். தாய்ப் பறவை எழுந்து போனால் குஞ்சு வெயிலில் காயும்.

சோழவந்தான்: பச்சைக்குள் ஒரு வீடு

வயல் படம் வேண்டும் என்பவர்களுக்குச் சோழவந்தான். வைகைக் கரை, தென்னை, நெல், ரயில் பாதை. மார்கழிப் பனியில் விடியற்காலை வயல்வெளி பால் ஊற்றியது போல இருக்கும். ஆனால் நான் அங்கே போவது கொடிக்காலுக்காக.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தி மரங்களை நெருக்கமாக நட்டு, அதில் கொடியை ஏற்றியிருப்பார்கள். இரண்டு பாத்திக்கும் இடையே ஒரு ஆள் போகிற அளவுக்கு வாய்க்கால். உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று குறையும், காற்று குளிரும், இலை வழியே வருகிற வெளிச்சம் தோலில் பச்சையாக விழும். அதனாலேயே இங்கே ஆட்களை எடுக்கும்போது முகம் பச்சையடிக்கும். போனில் வெள்ளைச் சமநிலையைக் கொஞ்சம் மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள். ஆளைப் பாத்தியின் நடுவே நிறுத்தி, நீங்கள் வாய்க்கால் முனையில் உட்கார்ந்து எடுத்தால் இருபுறமும் கொடிகள் சுவர் போல ஓடிப் போய் ஒரு புள்ளியில் முடியும். மற்ற இடங்களுக்கு நேர்மாறாக இங்கே பத்து மணி வெயில்தான் நல்லது. அப்போதுதான் மேலிருந்து இலைகளைத் துளைத்து வெளிச்சம் இறங்கும்.

கொடிக்கால் என்பது ஒருவருடைய பிழைப்பு. சொந்தக்காரரைக் கேட்காமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவது வழக்கம், அதைக் கோயில் மாதிரி நினைக்கிறவர்கள் அவர்கள். கொடியைப் பிடித்து இழுத்து முகத்தோரம் வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்பும்போது ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

போகிற வழியில்

தெப்பக்குளத்தை எல்லோரும் மாலையில் எடுக்கிறார்கள். நீங்கள் விடியலில் மேற்குக் கரையில் நில்லுங்கள், மைய மண்டபத்துக்குப் பின்னால் வானம் சிவக்கும். வைகையில் தண்ணீர் வரும் நாட்களில் ஆல்பர்ட் விக்டர் பாலத்துப் பக்கம் ஆற்றுக்குள் நிற்கும் மைய மண்டபம் நன்றாக இருக்கும். பாலத்தில் வண்டியை நிறுத்த வேண்டாம், கரைச் சாலையிலிருந்து எடுங்கள். சிவகங்கை சாலையில் வரிச்சியூர்க் குன்றில் குடைவரைகள் உண்டு, கூட்டமே இருக்காது. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டு வீடு மாதிரி தூணும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்கள், வெளிமுற்றத்தின் நிழல்கள் அழகு. மழைக்காலத்தில் தென்கால் கண்மாய் நிரம்பினால் திருப்பரங்குன்றம் மலையின் பிம்பம் விழும்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால்: விடியலில் பூமார்க்கெட்டில் முக்கால் மணி நேரம், அங்கிருந்து அப்படியே கீழக்குயில்குடிக்கு ஓட்டம். தாமரை குவிவதற்குள் குளம், பிறகு செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம். பத்தரைக்கு இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் தூங்குங்கள். நான்கரைக்கு ஆனைமலை. ஞாயிறு என்றால் பூமார்க்கெட்டை விட்டுவிட்டுப் பத்துத்தூணில் தொடங்கலாம். அரிட்டாபட்டிக்கும் சோழவந்தானுக்கும் தனித்தனி நாள் வேண்டும், அவசரமாகப் பார்க்கிற ஊர்கள் அல்ல அவை.

அனுமதியும் சட்டமும்

சமணர்மலை, ஆனைமலை போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் கைபேசியில் சாதாரணமாகப் படம் எடுக்கலாம். முக்காலி வைக்கவும், டிரோன் விடவும், படப்பிடிப்பு மாதிரி ஆள் சேர்த்து எடுக்கவும் முன் அனுமதி தேவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் பெயர் கிறுக்கினால், சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். டிரோனைப் பொறுத்தவரை, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கு விதிகள் கடுமை. டிரோன் பறக்கலாமா என்பதை நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிட வேண்டாம்.

சிறுவர்களின் முகத்தைப் பெற்றோரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். குளிக்கும் இடம், தண்ணீர் எடுக்கும் இடம் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது.

பதிவு போடும்போது

எடிட்டில் பாறையின் நிறத்தை ஆரஞ்சாக மாற்றாதீர்கள், மதுரைப் பாறைக்கு இருக்கிற நிறமே போதும். நிழலைக் கொஞ்சம் தூக்கி, சாய்வைச் சரிசெய்து, ஓரத்தில் நிற்கும் குப்பைத் தொட்டியை வெட்டினால் வேலை முடிந்தது. தலைப்பில் இடத்தின் கதையை இரண்டு வரி எழுதுங்கள்.

லொகேஷன் டேக் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு ஒரு மலையடிவாரத்துச் சின்னச் சுனையை எடுத்து, இடத்தைத் துல்லியமாகக் குறித்துப் பதிவு போட்டேன். நிறையப் பேர் விரும்பினார்கள். அடுத்த மாதம் போனபோது சுனைக்கரையில் சிப்ஸ் பாக்கெட்டுகள், பாறையில் பெயின்ட்டில் இரண்டு பெயர்கள். ஆடு மேய்க்கும் அப்பத்தா ஒருவர் குனிந்து குனிந்து பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரோடு சேர்ந்து நானும் பொறுக்கினேன், அந்தப் பெயின்ட்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதிலிருந்து பத்துத்தூண், பூமார்க்கெட், கீழக்குயில்குடி மாதிரி ஆள் நடமாட்டமும் பாதுகாப்பும் உள்ள இடங்களை மட்டும் பெயரோடு குறிக்கிறேன். சுனை, பறவைக் கூடு, தனியார் தோட்டம் என்றால் மதுரை மாவட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நேரில் கேட்டு வருகிறவர்களுக்கு வழி சொல்கிறேன்.

கடைசி வேலை பிரிண்ட். பூக்கட்டும் அக்கா, கொடிக்கால்காரர், கோயில் பூசாரி என்று யாருடைய முகத்தை எடுத்தாலும் ஒரு படி பிரிண்ட் போட்டு அடுத்த முறை போகும்போது கொடுங்கள். பூமார்க்கெட்டிலும் கொடிக்காலிலும் எந்நேரமும் ஈரம் இருக்கும், அதனால் லேமினேட் செய்தே கொடுங்கள். அந்த அக்காவிடம் நான் முதலில் கொடுத்த படம் ஒரே வாரத்தில் ஊறிப் போய்விட்டது, இரண்டாவதாகக் கொடுத்தது இப்போதும் தராசுக்குப் பின்னால் இருக்கிறது.